என் லேப்டாப் மூலைத் தாக்கு அல்ல

தஞ்சாவூர்,
ஞாயிறு

மரியாதைக்குரிய ரெத்தினம் மாமாவுக்கு,

அக்கா மகள் எழில்மொழி எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா என்று விசாரிக்கும் மனநிலை இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

போனில் பேசினால் கத்திவிடுவேன். மெயில் அனுப்பினால் அதை எங்கே கொண்டுபோய்த் திறப்பீர்களோ. அதனால் தபால்.

போன மாதம் திருக்காட்டுப்பள்ளியில், உங்கள் விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சொன்னேன். தெரியாத முகவரியிலிருந்து வருவதை நம்பாதீர்கள். அவசரப்படுத்தினால் இன்னும் நம்பாதீர்கள். கூட வரும் ஃபைலைத் திறக்காமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நோட்டில்கூட எழுதிக்கொண்டீர்கள்.

வியாழக்கிழமை அது வந்தது. உங்கள் வாய்க்கால் தண்ணீர் முறைப் பட்டியலில் விடுபட்டுள்ளது, மாலை ஐந்து மணிக்குள் இணைப்பைத் திறந்து சரிபார்க்கவும் என்று. அனுப்பிய முகவரியில் பாதி எண்கள், மீதி எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல். உங்களுக்குச் சந்தேகம் வந்தது, அதுவரை சரி, சங்கத்துக் கம்ப்யூட்டரில் திறக்கக் கூடாது என்று தோன்றியது, அதுவும் சரி, ஆனால் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கருக்கு ஒரு போன் போடுவதை விட்டுவிட்டு, பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்து, நான் கும்பகோணம் போயிருந்த நேரத்தில் அம்மாவிடம் பாஸ்வேர்டு கேட்டு, அது அம்மாவின் பெயர்தான், அது என் தப்பு, என் லேப்டாப்பில் உங்கள் மெயிலைத் திறந்து, அந்த ஃபைலையும் திறந்து, திரை சிவந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டோம் என்று எழுத்து வந்ததும், மூடி, மேலே துண்டைப் போட்டுவிட்டுக் காபி குடித்திருக்கிறீர்கள்.

மாமா. துண்டு.

ஏன் இப்படி என்று கேட்ட அம்மாவுக்கு நீங்கள் சொன்ன பதில்:

"சந்தேகமான விதைய நல்ல வயல்லயா தெளிப்பாங்க, அக்கா? மூலைத் தாக்குல, ஒதவாத சின்ன வயல்ல, கொஞ்சம் தெளிச்சுப் பாப்போம்ல. சங்கத்துதுல நூத்திருவது பேரு பட்டா கெடக்கு. புள்ளைதுல என்ன இருக்கு, கவிதைதானே."

நாற்பத்திரண்டு கவிதைகள். ஐந்து வருடம். என் முதல் புத்தகம். பதிப்பாளர் இந்த மாதக் கடைசிக்குள் கேட்டிருந்தார். தோழி ஷமாவுக்கு அனுப்பியிருந்த பதினொன்றைத் தவிர வேறெங்கும் நகல் இல்லை.

கம்ப்யூட்டர் சரிசெய்யும் பகலவன் வந்து பார்த்தார். மீட்க முடியாது என்றார். பிறகு, "பெரிய கம்பெனியிலயும் இதத்தாங்க பண்றாங்க. தனி மிஷின்ல தொறந்து பாப்பாங்க. என்ன, அது காலி மிஷினா இருக்கணும்" என்றார். உங்களைப் பாராட்டுவதுபோல் இருந்தது. அவருக்கு நான் காபி கொடுக்கவில்லை.

இனி என் பொருள் எதையும் தொடாதீர்கள். புத்தகம் என்று ஒன்று வந்தால் உங்களுக்குப் பிரதி கிடையாது. வெளியீட்டுக்கு அழைப்பும் கிடையாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வயலுக்கு முறை தவறாமல் தண்ணீர் வரட்டும். இந்த ஒரு வரியை மட்டும் மனதார எழுதுகிறேன்.

எழில்மொழி

பி.கு.: அழிந்துபோன முப்பத்தொன்றையும் நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மணி நான்கு. ஒரு வரிகூட வரவில்லை. ஒன்றில் மழை வரும். யோசித்தால் எல்லாவற்றிலும் மழைதான். அந்தப் பதினொன்று மட்டும் மனப்பாடமாக வருகிறது. முளைக்கிற விதை அவ்வளவுதான் போலிருக்கிறது. சின்னப் புத்தகம்தான் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். வெளியீட்டுக்கு வாருங்கள், மாமா. முன்வரிசையில் உட்காருங்கள். ஏன் கூப்பிட்டேன் என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.