எதிர்ச்சுற்று மாமா

மனிதர்களைத் தவிர்ப்பதற்காகவே பிறவி எடுத்தவர் மயிலாப்பூரில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் பூங்காவின் 'அப்பிரதட்சிணம்' மாமாதான். நிஜப் பெயர் கடைசிவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் டாக்டருக்குப் பயந்து காலை நடைக்கு வந்த நாங்கள் நாற்பது பேர், கோயில் சுற்றுகிற பழக்கத்தில் பிரதட்சிணமாகவே சுற்றுவோம். மாமா மட்டும் எதிர்த்திசை. மங்கி குல்லா, காக்கி அரை நிக்கர், மோதிவிடுகிற மாதிரி ஒரு வேகம்.

"ஏன் மாமா இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்களோட வந்தா எவனாவது ஒட்டிண்டுடுவான். அவனுக்கு சுகர் எவ்வளவு, அவன் மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு நான் ஏன் ஓய் கேட்டுண்டே நடக்கணும்? நேக்கு ஒருத்தரும் வேண்டாம்."

இதில் ஒரு பிசகு இருந்தது. எங்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். எதிரே வருகிற மாமாவோ நாற்பது முகங்களையும் சுற்றுக்கு இரண்டு தடவை பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் அவரால் முடியாது. தண்ணீர்த் தொட்டியருகே "கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டபடியே கடந்துவிடுவார். வேப்பமரத்தடியில் எதிர்ப்படும்போது நாம் பதில் சொல்ல வேண்டும். மறுபடி தொட்டியருகே மருந்தின் பெயர் வரும். ஆபீசில் எனக்கு மெமோ கொடுத்ததை, என் மனைவிக்கும் முன்பாக முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர்.

பிறகு நடப்போர் சங்கம் பிறந்தது. சங்கம் என்றால் செயலாளர். செயலாளர் என்றால் நோட்டீஸ். 'அனைவரும் ஒரே திசையில் நடக்கவும். மீறுபவர் வர வேண்டாம்' என்று ரோஸ் காகிதத்தில் எழுதி வாசல் தூணில் ஒட்டினார்கள். கை தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். முந்தின நாள்தான் மாமா என் தொந்தியில் மோதியிருந்தார்.

மறுநாள் மாமா எங்கள் பின்னால் நடந்தார். ஒருவரும் ஒட்டவில்லை, ஒருவரும் பேசவில்லை. அவர் கேட்ட தனிமை முழுசாகக் கிடைத்தது. இரண்டாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா, மூச்சு வாங்கறதா?"

"இல்ல ஓய்." குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாம் முதுகா இருக்கு. ஒருத்தரையும் காணோம்."

சங்கத்தில் தூக்கிய என் கையின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் தூணில் நோட்டீஸ் இல்லை. செயலாளர் குதித்தார். வெறும் தூணைப் பார்த்த மாமா, அப்பிரதட்சிணமாகக் கிளம்பினார்.

தண்ணீர்த் தொட்டியருகே கேள்வி வந்தது. "நகத்துல என்ன ஓய், ரோஸ் கலர்ல?"

வேப்பமரத்தடிக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். தேவைப்படவில்லை. ஒருநாளும் நிற்காத மாமா நின்று, என் கையைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த காகிதத் துணுக்கை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தார். ஒருத்தரும் வேண்டாம் என்றவரின் கை நல்ல வெதுவெதுப்பாக இருந்தது.