லேபிள் பாயும் பெயரில்லாத பாட்டிலும்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் லேபிள் பாயைப் போல் நிலைகொள்ளாத மனிதர் கிடைக்கமாட்டார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ரசாயனக் கிடங்கு ஒன்றில் இருந்துவிட்டு வந்து, நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தவர். அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

பாக்கெட்டில் மார்க்கர், மணிக்கட்டில் வளையல் மாதிரி டேப். சுற்றிக்கொண்டே இருப்பார். எந்த பாட்டிலானாலும் உள்ளே என்ன, அதனால் என்ன ஆபத்து, யார் ஊற்றியது என்று மேலே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்.

ஒருமுறை மேனேஜரின் பாட்டிலே உள்ளே போய்விட்டது.

"பாய், அது என்னோட நிலவேம்புக் கஷாயம்யா!"

"இருக்கலாம் சார். பாட்டில் அப்படிச் சொல்லலீங்களே."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு 'கஷாயம்' என்று எழுதினார்.

"ஆபத்து என்னங்க சார்?"

'கசக்கும்' என்று எழுதிய பிறகுதான் பூட்டு திறந்தது.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். குன்னத்திலிருந்து வரும் கெமிஸ்ட் ரேவதி, சுரங்கத்துக்குப் போய்விட்டு நாக்கு வறண்டு உள்ளே வந்தாள். மேஜையில் மேலே எதுவும் எழுதாமல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்தாள்.

"ரேவதிம்மா, குடிக்காத!"

கடைசி அலமாரியிலிருந்து பாய் பறந்து வந்து தட்டிவிட்டார். பாட்டில் உருண்டது. தரையில் கிடந்த சுண்ணாம்புக்கல் தூள் புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கியது. ஆசிட்! பாத்ரூம் கழுவ வீட்டுக்குக் கொண்டுபோக மேனேஜர் ஊற்றி வைத்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் முகம் வெளுத்து நின்றார்.

பாயின் கையிலும் தெறித்திருந்தது. ரேவதி அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

"கையை எடுக்காதீங்க பாய், தண்ணிலயே வைங்க!"

"என் கை கெடக்கட்டும்மா. உன் ஒதட்டுல ஒரு சொட்டுகூடப் படலயே?"

அவள் அழுதுகொண்டே இல்லையென்று தலையாட்டினாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய்.

மேனேஜர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "மன்னிச்சிருங்க பாய்."

பாய் நனையாத கையால் மார்க்கரை எடுத்து நீட்டினார்.

"பாட்டில்ல இன்னும் மிச்சம் இருக்கு சார். எழுதுங்க."

மேனேஜர் 'ஆசிட்' என்று எழுதினார். ஊற்றியது யார் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார்.

காயம் ஆறட்டும் என்று பாய்க்குக் கொஞ்ச நாள் லீவு கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஆய்வகத்தில் எங்கள் யாருக்கும் தண்ணீர் தொண்டையில் நிம்மதியாக இறங்கவில்லை.