இளஞ்சிவப்புத் திருநீறு

கள்ளிக்குப்பத்தில் மூன்று மாதமாக எள் விழ இடமில்லை. படர்தாமரை வந்த பிள்ளைகளுக்குப் பரந்தாமன் சுவாமிகள் இளஞ்சிவப்புத் திருநீறு கொடுக்கிறார். தின்றால் படை மறைகிறதாம்!

கூடவே சில பிள்ளைகளுக்கு நெஞ்சும் படபடவென்று அடித்துக்கொண்டது. சாமி அசருவாரா? "சக்தி உள்ள பூந்துகிச்சும்மா. அதான் குதிக்குது" என்றார்.

அடுக்குமாடிக்காரர்கள் படித்தவர்களாயிற்றே, ஆதாரம் வேண்டாமா? பிள்ளைகள் கையில் ஸ்மார்ட் வாட்சைக் கட்டினார்கள். துடிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். "எங்க பையனுக்கு நூத்தி முப்பது!" "எங்க பாப்பாவுக்கு நூத்தி அறுபது, அதுவும் தாறுமாறா!" எவ்வளவு துடிப்போ அவ்வளவு அருளாம். பட்டம் வாங்கிய மூளை, வேறெப்படி வேலை செய்யும்?

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அகல்யாவின் மகள் வர்ஷாவுக்கு ஆறு வயது. தொண்டைப் புண்ணுக்கு ஏற்கெனவே ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருந்தாள். அதோடு தினமும் திருநீறு. ஞாயிறன்று வரிசையிலேயே மயங்கி விழுந்தாள்.

"சக்தி முழுசா எறங்கிட்ச்சு! இன்னும் ரெண்டு பொட்டலம் வாய்ல போடு!" என்று கத்தினார் சாமி.

பொட்டலத்தைப் பிடுங்கினாள் ராணி. தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்பவள். "அக்கா, கொயந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

"சாமி சொல்றாரேங்க..." என்று தயங்கினாள் அகல்யா. பாவி!

ராணி சாமியிடம் திரும்பினாள். "இந்தா, இத நீ துன்னு. வாட்ச்சும் கட்டிக்கோ. உனுக்குள்ள சக்தி குதிக்குதான்னு பாக்கலாம்."

பொட்டலம் வாய்க்கு நேரே வந்தது. சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ, வாணாம்மே! நானே ஹார்ட்டுக்கு மாத்திர துன்னுகினு கீறேன். படை மாத்திரய அத்தோட சேத்துத் துன்னா துடிப்பு எகிறி ஆளே காலின்னு டாக்டரு சொல்லிக்கீறாரு!"

"எந்த மாத்திரை? இது திருநீறுதானே?" என்றாள் அகல்யா. கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை வாரிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஈசிஜி எடுத்த டாக்டர் பொரிந்து தள்ளிவிட்டார். "அது திருநீறு இல்ல, படைக்குக் கொடுக்கற பூஞ்சை மாத்திரையப் பொடிச்சது. நல்ல மருந்துதான்மா. எடையப் பாத்து, கூட என்ன மருந்து ஓடுதுன்னு கேட்டுக் கொடுக்கணும். இவ குடிக்கிற ஆன்டிபயாடிக்கோட சேர்ந்தா துடிப்பு தாறுமாறாகும். இன்னும் ரெண்டு பொட்டலம் உள்ள போயிருந்தா இதயமே நின்னிருக்கும்."

வர்ஷா பிழைத்தாள். சாமி காவல் நிலையத்தில் இருக்கிறார்.

தன் உயிருக்கு ஆபத்தென்றால் சாமி டாக்டரைக் கேட்கிறார். பிள்ளையின் உயிருக்கு நீங்கள் சாமியைக் கேட்கிறீர்கள். இரண்டு பேரில் யாருக்கு அறிவு அதிகம்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், அய்யா!