அத்தையின் பட்டுப்புடவைகளும் என் சமன்பாடும்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள், அதற்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்ததில்லை. நான் எழுதிக் கொடுத்தவள்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். புற்றுநோய்க் கட்டி எப்படி வளரும், மருந்துக்கு எப்படிச் சுருங்கும் என்பதைச் சமன்பாடாக்கிக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவது வேலை. (வீட்டில் 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கறா' என்று பீற்றிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.) அந்தச் சமயத்தில்தான் அதே ஊரில் கரமனையில் இருந்த அத்தைக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, தலையில் முடி அரும்பிக்கொண்டிருந்தது.

"திரும்ப வருமோ வராதோ, டாக்டர் பிடிகொடுக்க மாட்டேங்கறார். உன் கம்ப்யூட்டர்ல என்னைப் போட்டுப் பாரேண்டி," என்றாள்.

அது ஒரு ஆளுக்கு ஜோசியம் சொல்லும் சமாசாரமில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் என் கெத்து என்னாவது? ரிப்போர்ட்டை வாங்கிப்போய் ஓடவிட்டேன். திரையில் கட்டியின் அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கித் தரையைத் தொட்டது, கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு எழுந்து ஏறியது. மருந்தைக் கூட்டினேன். தாமதமாக, ஆனாலும் ஏறியது.

அழுது வீங்கிய மூஞ்சியோடு போய், "எல்லாம் நன்னா இருக்கு அத்தை," என்றேன். அத்தை என்னையே பார்த்தாள். காபி கொடுத்தாள். மறுநாளே பட்டுப்புடவைகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மாம்பழக் கலர், அகல ஜரிகை. (வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்றால் சந்தேகப்படுவாளாம்!)

பக்கத்து சீட் ரஞ்சித்திடம் கோட்டைக் காட்டி மூக்கைச் சிந்தினேன். அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எடோ, ஏற்றவும் தாழே எத்ர செல் உண்டு?" என்றான். அடிமட்டத்தில் எத்தனை செல் மிச்சம் என்று பார்த்தேன். ஒரே ஒரு செல்லில் ஆயிரத்தில் ஒரு பங்கு! கடவுளே, செல் என்றால் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. என் சமன்பாட்டுக்குப் பூஜ்யத்தில் நிற்கவே தெரியவில்லை. அந்த இல்லாத துணுக்கிலிருந்து முழுக் கட்டியையும் வளர்த்திருக்கிறது. யாரைப் போட்டிருந்தாலும் நோய் திரும்பத்தான் வந்திருக்கும்.

கரமனைக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்போ வராதா?" என்றாள் அத்தை.

வராது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "அந்தக் கணக்கு தப்புன்னு மட்டும்தான் தெரியும் அத்தை. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது."

"இதை அன்னிக்கே சொல்லப்படாதோ? டாக்டரும் இதைத்தானே சொன்னார். புடவையாவது மிஞ்சியிருக்குமே!"

வீடு வீடாகப் போய்ப் புடவைகளைத் திரும்பக் கேட்டவள் நான்தான். (ஒரு சித்தி ப்ளவுஸே தைத்துவிட்டிருந்தாள்.) இன்றும் மழை வருமா என்று நான் வானத்தைப் பார்த்தால் போதும், "எல்லாரும் பீரோவைப் பூட்டுங்கோ," என்று வீடே சிரிக்கும்.

ஆனால் வருஷா வருஷம் செக்கப்புக்கு அத்தை என்னைத்தான் கூட்டிப்போகிறாள். டாக்டர் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது, "என்னடி சொல்லுவா?" என்பாள்.

"தெரியாது அத்தை."

"சமத்து," என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.