தள்ளி நின்று அழுங்கோ, கனடா மறைக்குது!

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் தகவல் லைவ் அண்ணைக்குத்தான் போக வேண்டும். ஐயர் அதற்குப் பிறகு. பெட்டி செய்கிறவர் அதற்கும் பிறகு. லைவ் அண்ணை வந்து, ஃபோனைக் கம்பியில் பூட்டி, "ஓகே, தொடங்குங்கோ" என்று கை காட்டாமல் எங்கள் ஊரில் ஒரு பிரேதமும் வாசல் படலை தாண்டியதில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் கேட்டுப் பாருங்கள், செத்தவர்களைத் தவிர எல்லாரும் சாட்சி சொல்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. முன்பு கலியாண வீடியோ எடுத்தவர். இளம் பெடியள் பறக்கிற கமராவோடு வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெற்றவர்கள் எல்லாம் இங்கே என்று ஊர் ஆனபோது, இவர் செத்த வீட்டு நேரலைக்கு மாறினார்.

"கலியாண வீட்டில ஆயிரம் குறை சொல்லுவினம். இஞ்ச முக்கியமான ஆள் வாயே திறக்கமாட்டார்" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

வேலை என்று வந்தால் மனுசனுக்கு ஈவிரக்கம் கிடையாது. ஒரு வீட்டில் பெண்கள் பெட்டியைச் சுற்றிக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, இவர் பின்னால் இருந்து கத்தினார்: "அக்கா, கொஞ்சம் தள்ளி நிண்டு அழுங்கோ, கனடா மறைக்குது!" அந்த அக்கா சட்டென்று அழுகையை நிறுத்தி, "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டு, இரண்டடி நகர்ந்து, விட்ட இடத்தில் இருந்து அதே சுருதியில் தொடங்கினார். லண்டனும் பிரான்சும் கூட மறைபடவில்லை.

ஐயருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஐயர் பஞ்சாங்கத்தோடு வருவார், இவர் உலக நேரத்தோடு வருவார். "ராகு காலத்துக்கு முதல் எடுக்க வேணும்" என்பார் ஐயர். "ஐயா, மூத்த மகன் ரொறன்ரோவில இப்பதான் வேலையால வாறார். அந்தாள் சப்பாத்தைக் கழட்டட்டும்" என்பார் இவர். ராகுவையும் ரொறன்ரோவையும் வைத்துக்கொண்டு, பாவம், அந்த ஐயர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒருமுறை உப்புவெளியில் ஒரு கிழவியின் செத்த வீடு. கனடாவில் இருக்கிற பிள்ளைகள் கடைசியாகத் தாயோடு பேசட்டும் என்று இவர் ஃபோனை ஒலிபெருக்கியில் இணைத்தார். பேசி முடிந்ததும் கழற்ற மறந்துவிட்டார். கிரியை நடக்கிறது. திடீரென்று பந்தல் முழுக்க ஒரு குரல்: "அதெல்லாம் இருக்கட்டும், அம்மா காணியை ஆருக்கு எழுதினவ?" பறை நின்றது. விரலில் தர்ப்பையோடு இருந்த மகன் நிமிர்ந்து, "எனக்குத்தான், ஏன்?" என்று கேட்டார். பிறகு கனடா ஒரு பக்கம், உப்புவெளி ஒரு பக்கம். கிழவி நடுவில் பேசாமல் படுத்திருந்தது. இவரோ பிடுங்க வேண்டிய வயரை விட்டுவிட்டு மின்விசிறி வயரைப் பிடுங்கிவிட்டார். வேர்த்து வழிந்தபடி சண்டை தொடர்ந்தது.

பின்னேரங்களில் மூதூர்ப் படகு வந்து நிற்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். கடைக்காரர் கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் நானா என்போம். கந்தோர் வேலை விட்டு வரும் எனக்கும் அங்கே ஒரு கால் ஆடுகிற கதிரை இருந்தது. நானாவுக்கும் லைவ் அண்ணைக்கும் தீராத வழக்கு ஒன்று: யாருடைய ஃபோன் கொம்பனி நல்லது? இவர் ஒரு கொம்பனி, நானா மற்றக் கொம்பனி. கிரிக்கெட்டுக்குக்கூட அப்படிச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை.

"சந்திரனுக்கு ரொக்கெட் விட்டு, அங்க கிடக்கிற கல்லப் படம் புடிச்சி அனுப்புறானுகள். ஒங்கட கொம்பனிக்கு பாலையூற்றுக்கு ஒரு ஃபோன் கோல் அனுப்ப ஏலாதாம்" என்பார் நானா. லைவ் அண்ணையின் வீடு பாலையூற்றில்தான்.

"நானா, சந்திரனில மழையில்லை, மரமில்லை, சனமில்லை. ஒரேயொரு ஆள் இன்ரநெற் பாவிச்சா நல்லாத்தான் ஓடும். இஞ்ச ஊர் முழுக்கப் படம் பார்க்குது. உங்கட சிம்மை நான் செத்தாலும் தொடமாட்டன்."

"நீங்க செத்தா மறுகா ஆரு லைவ் போடுற?" என்று நானா கேட்க, கடை சிரித்தது.

இன்னொரு நாள் குரல் எப்படிப் போகிறது என்று வழக்கு. கடலுக்கடியால் வயர் போகிறது என்றார் இவர். "நாங்கள் நாள் முழுக்க வலை போடுறம், ஒரு வயரும் காணேல்லை" என்றார் ஒரு மீன்பிடிக்காரர். "நீங்கள் மீனையும்தான் காணேல்லை" என்றார் இவர். நல்ல காலம், இருவருக்கும் நடுவில் அடுப்பு இருந்தது.

இவ்வளவு வாய்க்காரர், தன் மகளைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். ஒரே பிள்ளை. பிரான்சில் இருந்தாள். வதிவிட அட்டை இன்னும் கிடைக்கவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள். தாயும் மகளும் ஃபோனில் பேசினால் குசினியில் கறி கருகும் வரை பேசுவார்கள். "பிள்ளை எப்ப வாறா?" என்று யாராவது கேட்டால், "வருவா" என்று மட்டும் சொல்லி, தேத்தண்ணியை ஊதுவார். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஒரு மாரி மழைக் காலத்தில் அவர் மனைவி செத்துப்போனார். காலையில் நெஞ்சு நோகுது என்றவர், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. நல்ல மனுசி. வீட்டுக்குப் போனவர்கள் ஒருவரையும் வெறும் வயிற்றோடு விடாதவர். என்னால் அந்தச் செய்தியை நம்ப முடியவில்லை.

அடுத்த நாள் பாலையூற்றில் பேய் மழை. லைவ் அண்ணை வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஃபோனைக் கையில் பிடித்தபடி பெட்டியருகே நின்றார். கம்பியில் பூட்டவில்லை. "அம்மாவுக்குக் கிட்டக் கொண்டுவாங்கோ அப்பா" என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போய், "தாங்கோ அண்ணை, நான் பிடிக்கிறன். நீங்கள் இருங்கோ" என்றேன். தரவில்லை. "நீர் ஆட்டிப்போடுவீர். பிள்ளைக்கு வடிவாத் தெரியாது" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊர்ச் சனம் அதையும் ஒரு கதையாகக் குசுகுசுத்தது.

வாய்க்கரிசி முடிந்து பெட்டி மூடுகிற நேரம், ஃபோனில் சிக்னல் கோடு முழுக்க விழுந்துவிட்டது. திரையில் பிள்ளையின் முகம் வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. மழையில் அவருடைய கொம்பனியின் கோபுரம் படுத்துவிட்டது.

"மூடாதேங்கோ! பிள்ளை பார்க்கேல்லை! ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ராகு காலம் வரட்டும், எது வேணுமெண்டாலும் வரட்டும், பிள்ளை பார்க்கேல்லை!"

ஐயர் பஞ்சாங்கத்தை மடித்து இடுப்பில் செருகினார். "நான் எங்கையும் போகேல்லை. நீ பிள்ளையைக் கூப்பிடு" என்றார்.

நானா வாசலில் தொப்பலாக நனைந்தபடி நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்குள் அதற்கும் கோடு இல்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய், கிணற்றுக்கட்டுப் பக்கம் வைத்து ஏறினார். ஃபோனை ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அந்த உடம்பைத் தாங்கியதற்கு அந்தக் கதிரைக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

"வருதோ?" என்று நான் முற்றத்தில் நின்று கத்தினேன்.

"ரெண்டு கோடு வருது! என்ட ஃபோன்ட இன்டர்நெட்டுல போடச் சொல்லுங்க!"

நானாவின் ஃபோனில் இருந்து இவருடைய ஃபோனுக்கு நெற்றை இழுத்துப் போட்டோம். திரை அசைந்தது. "அப்பா? அப்பா, மூடிட்டினமோ?" என்று பிள்ளை அலறினாள்.

"இல்லையம்மா, இல்லை. இஞ்ச பார், அம்மா இஞ்ச இருக்கிறா. ஆறுதலாப் பார். ஒருத்தரும் அவசரப்படுத்தமாட்டினம்."

அவர் குனிந்து, மனைவியின் முகத்துக்கு மேலே ஃபோனைப் பிடித்தார். பிள்ளை தாயின் நெற்றியைப் பார்த்தாள். கையைக் காட்டச் சொன்னாள், பார்த்தாள். காலையும் காட்டச் சொல்லி, திரையில் தன் நெற்றியை வைத்துக் கும்பிட்டாள். நாங்கள் எல்லாரும் நின்று அழுதோம். ஐயரும் அழுதார். ஃபோனைப் பிடித்த லைவ் அண்ணையின் இரண்டு கைகள் மட்டும் கல் போல அசையாமல் நின்றன. பிறகு பெட்டியை மூடினார்கள்.

"அப்பா" என்றாள் பிள்ளை. "நேற்றையில இருந்து எல்லாரையும் காட்டுறீங்கள். உங்களை நான் இன்னும் காணேல்லை. உங்களைக் காட்டுங்கோ."

மனுசன் திகைத்துப்போனார். "என்னில என்னத்தைப் பார்க்கிறது பிள்ளை?"

நான் மறுபடி கையை நீட்டினேன். இந்த முறை தந்தார். ஃபோனை அவர் பக்கம் திருப்பினேன். சவரம் செய்யாத முகம், நித்திரை கொள்ளாத கண்.

"சாப்பிட்டீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்."

"பொய், மகள்! பச்சத் தண்ணிகூடக் குடிக்கல்ல!" என்று கிணற்றடியில் இருந்து ஒரு குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் லைவ் அண்ணை அழுதார். ஃபோன் கையில் இல்லாததால் இனி எது ஆடினாலும் பரவாயில்லை என்பது போல, தோள், தலை, உடம்பெல்லாம் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்குப் பிறகு அவர் நேரலைக்குப் போகவில்லை. இப்போது வேறு பெடியள் வருகிறார்கள், கெட்டிக்காரர்கள். எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும், ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் முதல் தேத்தண்ணியை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவன் குடித்து முடிக்கும் வரை ஃபோனை நான் பிடிக்கிறேன்.