மணல் வாளியும் என் கருத்த நாக்கும்

பொறாமைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தால் அதை முதலில் எனக்குத்தான் தர வேண்டும். அதையும் என் ஓரகத்தி பாண்டிச்செல்வி எத்தனை டம்ளர் குடித்தாள் என்று விசாரித்த பிறகே குடிப்பேன்.

நாங்கள் இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. சிவகாசிப் பக்கம் ஒரே பட்டாசு கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறோம். போன வருடம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சோதித்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு ஒன்பது. (வீட்டில் ஒன்பதரை என்று சொன்னேன். அரையாவது கூட இருக்கட்டும்.) மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்போம், ரத்தம் யாருக்கு அதிகமோ அவருக்கு எவர்சில்வர் குடம் என்றார் முதலாளி. அந்தக் குடம் அவள் இடுப்பில் ஏறுவதை நினைத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"முருங்கைக்கீரையில எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோங்கக்கா. சோறு தின்ன கையோட டீ குடிக்காதீக. அம்புட்டுதான்."

நான் நம்பவில்லை. அம்புட்டுதான் என்பவளிடம் இன்னும் எம்புட்டோ ஒளிந்திருக்கும்.

அதனால் சொந்தமாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். முகம் மினுங்க ஆவாரம்பூ, உடம்பு தேற கடுக்காய், இரண்டையும் கொதிக்கவைக்க இரும்புச்சட்டி. சட்டியிலுள்ள இரும்பெல்லாம் கசாயத்தில் இறங்கிவிடாதா? தினமும் சாப்பிட்டதும் ஒரு டம்ளர், அவளுக்குத் தெரியாமல். சோதனை நாளன்று இரண்டு நாள் சட்டியிலேயே ஊறி மையாகக் கருத்திருந்ததை ஒரு சொம்பு குடித்தேன். ஜெயித்துவிட்ட மிதப்பில் வேனில் அவளோடு பேசவேயில்லை. (பேசியிருந்தால் அவளாவது சொல்லியிருப்பாள்.)

"நாக்க நீட்டுங்க" என்றார் கம்பெனிக்குச் சோதிக்க வந்திருந்த நர்ஸ்.

நீட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். எட்டிப் பார்த்த போர்மேன் அலறினார்.

"ஏம்மா, கருமருந்தையா தின்ன? எல்லாரும் வெளிய ஓடுங்க!"

விசில் ஊதினார். அத்தனை ஷெட்டும் காலியாகி, ஜனமெல்லாம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. ஒருவர் மட்டும் தைரியமாக மணல் வாளியோடு வந்து என் வாய்க்கு நேராக நின்றார். நான் வெடித்துவிடுவேனாம்.

ஓடாத இன்னொருத்தி பாண்டிச்செல்வி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, என்னத்தக் குடிச்சீக? சொல்லுங்கக்கா!"

குடத்துக்காகக் குடித்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னேன். வேறு வழியில்லை, வாளி பக்கத்திலேயே இருந்தது.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேந்தா கறுப்பு மைதாம்மா வரும். சாப்பிட்ட கையோட அதக் குடிச்சா சோத்துல உள்ள இரும்பும் ஒடம்புல ஒட்டாது. டீய வேண்டாம்னு சொல்றதும் அதுக்குத்தான்."

எனக்கு எட்டு. அவளுக்குப் பதிமூன்று.

குடம் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் நான்தான். அவள் பிள்ளைகளுக்குப் பேனாவில் மை தீர்ந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள்: "பெரியம்மா, கொஞ்சம் நாக்க நீட்டுங்க."

இந்த வருடம் எனக்குப் பதினொன்று. முருங்கைக்கீரைதான். எலுமிச்சம்பழத்தை மட்டும் பாண்டிச்செல்வி கொல்லைப்பக்கம் போயிருக்கும்போது பிழிந்துகொள்கிறேன்.