குளத்தில் பிடிபட்ட துரை

கோபமாக இருப்பவர் கையில் மைக்கைக் கொடுக்கக்கூடாது. கொக்குவிலில், எங்கள் குளத்தடியில் நடந்த கூட்டத்தில் எனக்குக் கொடுத்தார்கள். (பொய். நானேதான் பறித்தேன்.)

நான் விஞ்ஞான ரீச்சர். விராலும் கெளுத்தியும் துள்ளிய குளத்தில் ஒரு குஞ்சைக்கூடக் காணவில்லை. தொட்டியில் வளர்த்த வெளிநாட்டு மீனை யாரோ கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அது முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் தின்று கொழுத்துவிட்டது. கூட்டத்துக்கு வந்த மீன்பிடி அதிகாரி, இதற்கு ஒரு சட்டம் வரவேண்டும், இப்படியான மீன்களை விற்கவே விடக்கூடாது, மற்ற வளர்ப்பு மீன்களை விற்கும் கடைகளும் பதிவு செய்ய வேண்டும், வாங்கியவர்கள் வளர்க்க முடியாதவற்றைக் கடைகள் திருப்பி எடுக்கவும் வேண்டும் என்றார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "கண்ணாடிக்குள்ளை நிக்கிற மீனுக்கும் சட்டமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறியது.

"சட்டம் மட்டும் காணாது! உந்த மீனைக் கொண்டுவந்து விட்ட மூளையில்லாத சென்மத்தைப் பிடிச்சு இந்தக் குளத்துக்குள்ளையே இறக்கவேணும்!"

கைதட்டல். முன்வரிசையில் இருந்த என் கணவர்தான் உரக்கத் தட்டினார்.

பிறகு வலை இழுத்தார்கள். சிவப்பும் நீலமுமாக ஒரு தடித்த மீன் வந்தது. நெற்றியில் அரைத் தேங்காயைக் கவிழ்த்தது போல வீக்கம். ஒருவர் அதை வாலில் பிடித்துத் தூக்கினார்.

"ஐயோ, வாலிலை பிடியாதேங்கோ! துரைக்கு நோகும்!"

என் கணவரின் குரல்.

துரை எங்கள் வீட்டுப் பிளவர்ஹோர்ன் மீன். அந்த நெற்றியின் மிடுக்கைப் பார்த்து அவர் வைத்த பெயர். துரை செத்துவிட்டது, எலுமிச்சைக்குக் கீழே புதைத்தேன் என்று கண்கலங்கிச் சொல்லியிருந்தார். (அந்தக் கிழமை முழுவதும் நான் மீன்குழம்பே வைக்கவில்லை. மரியாதைக்கு.)

"அப்ப எலுமிச்சைக்குக் கீழை தாட்டது என்ன?" என்று கத்தினேன். மைக் என் கையிலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது.

"ஒண்டுமில்லையப்பா… சும்மா மண்ணைக் கிளறினனான். துரை வளந்து தொட்டிக்குள்ளை அடங்கேல்லை. கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டன் எண்டிட்டான். கொல்லவும் மனம் வரேல்லை."

"விரால் குஞ்சுகளைக் கொல்ல மனம் வந்ததோ?"

முதலில் "மீனுக்கும் சட்டமோ" என்று கேட்டவர் பின்னாலிருந்து எழுந்தார்.

"ரீச்சர், அண்ணையை இப்பவே குளத்துக்குள்ளை இறக்கிறதோ, தேத்தண்ணி குடிச்சிட்டோ?"

அதிகாரி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "என்னைப் பாக்கவேண்டாம், அவரின்ரை பேரை எழுதுங்கோ" என்றேன். துரையை ஒரு வாளியில் போட்டு அதிகாரி கொண்டுபோனார். வீடுவரை நான் முன்னாலும் கணவர் பின்னாலும் நடந்தோம்.

இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டிலும் மாமி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "உவதான் புருஷனைப் பிடிச்சுக் குடுத்த என்ரை மருமேள்." பந்தியே சிரிக்கும். கணவரும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போன கிழமையும் துரையை வாங்கிய அந்தக் கடைக்குப் போனேன். துரையின் தம்பிமார் தொட்டி நிறைய நிற்கிறார்கள்.

"ஏன் இன்னும் விக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சட்டம் வரட்டும் ரீச்சர், பாப்பம்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரன் அடுத்தவருக்கு மீன் அள்ளப் போனான்.